கொம்பு முன்னாலா, பின்னாலா? பழைய போன்களும் புதிய வசதிகளும்

2018ஆம் ஆண்டு ரங்கூனில் எங்கள் பகுதிக் கோயிலின் உபயதாரர் பட்டியலை ஒரு சிறிய ஆண்ட்ராய்டு செயலியாகச் செய்து கொடுத்திருந்தேன். யார் எந்த நாளுக்கு உபயம், தொகை எவ்வளவு, ரசீது எண் என்ன என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. பெயர்களைப் பர்மிய எழுத்தில்தான் பதிந்தோம். வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களிலேயே இளையவர் பலருக்குத் தமிழ் எழுத்தைவிடப் பர்மிய எழுத்துதான் கைவந்தது; பெயர்களும் பாதிக்குப் பாதி பர்மியப் பெயர்கள். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பொருளாளர் அழைத்து, “தம்பி, போன வருசம் அன்னதானம் செஞ்ச அம்மா பேரைத் தேடினா வரமாட்டேங்குது. ஆனா பட்டியல்ல உருட்டிப் பாத்தா இருக்கு” என்றார்.

அன்று இரவு தரவுக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பர்மியரிடையே வயதில் மூத்த பெண்களின் பெயருக்கு முன் மரியாதைக்காக ‘டோ’ என்று சேர்ப்பார்கள். அந்த ஓர் எழுத்தை எழுதும் முறை நம் ‘தோ’ எழுதும் முறையை ஒத்தது: மெய்யெழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இரண்டும் பிராமி வழி வந்த எழுத்துகள் என்பதால் இந்த ஒற்றுமை. கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிந்தாலும் வாயில் மெய்தான் முதலில் வருகிறது. ஆகவே எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் மெய் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படும். திரையில் இடம் மாற்றிக் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. பர்மாவில் அப்போது பெரும்பாலான போன்களில் இருந்த ஸாவ்ஜி என்னும் எழுத்துரு அப்படிச் செய்வதில்லை. கண்ணில் படுகிற வரிசையிலேயே, கொம்பை முன்னால் வைத்துச் சேமிக்கும். கொம்பின் குறியெண் இரண்டிலும் ஒன்றே, இடம்தான் வேறு. எங்கள் பட்டியலில் பெயர் ஏற்றிய தொண்டர்கள் இருவர், ஆளுக்கொரு வகைப் போன். அதனால் பட்டியலில் இருந்த மூத்த பெண்கள் அனைவரும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒரு கூட்டத்துக்கு மற்றது தெரியாமல் கிடந்தார்கள்.

ஆண்ட்ராய்டு சிதறிக் கிடப்பதைப் பற்றிப் பேசும்போது பொதுவாகப் பதிப்பு எண்களைப் பற்றித்தான் பேசுகிறோம்: இத்தனை பேர் கையில் பழைய பதிப்பு, ஆகவே நிரலாளர்கள் புதிய வசதிகளைத் தொடுவதில்லை என்று. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பதிப்பு பழையதாவது ஒரு வகைச் சிதறல். ஒரே பதிப்பைத் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக மாற்றி விற்பது இன்னொரு வகை. முதலாவது காலப்போக்கில் தானே கரையும், ஏனெனில் பழைய போன் ஒருநாள் உடையும். இரண்டாவது அப்படிக் கரைவதில்லை, புதிய போனோடு புதிதாகவே வந்து சேரும். பர்மா இந்த இரண்டாவது வகையை நாடளவில் பட்டு அனுபவித்த இடம்.

முதல் வகையை முதலில் பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர் ஒவ்வொருவரும் இரண்டு எண்களைக் குறித்தாக வேண்டும். எந்தப் பழைய பதிப்பு வரை இந்தச் செயலி நிறுவப்படலாம் என்பது ஒன்று. எந்தப் பதிப்பின் நடத்தை விதிகளுக்கு ஏற்ப இது எழுதப்பட்டது என்பது மற்றொன்று. கீழெல்லையைத் தாழ்வாக வைத்தால் வாடிக்கையாளர் அதிகம், ஆனால் புதிய வசதி ஒவ்வொன்றுக்கும் ‘இந்தப் போனில் இது உண்டா’ என்று கேட்டு, இல்லாதவருக்கு மாற்று வழி எழுதி, இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு பொத்தானுக்காக இரண்டு செயலி எழுதுவது போன்ற வேலை அது. கீழெல்லையை உயர்த்தினால் வேலை குறையும். ஆனால் பழைய போன் வைத்திருப்பவர் அன்றோடு வெளியே. விற்பனைக் கணக்கில் அந்தச் சிலர் ஒரு சிறு விழுக்காடாகத் தெரிவார்கள். கோயில் பட்டியலில் அந்தச் சிலர்தான் பொருளாளரும் தலைவரும்.

இரண்டாவது எண்ணில் இருந்த ஓட்டை சுவையானது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, தொடர்புப் பட்டியல், இருப்பிடம், கேமரா போன்றவற்றைத் தொடும்போது பயனரிடம் அந்த நேரத்திலேயே அனுமதி கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் செயலி தன்னைப் பழைய விதிகளுக்கு எழுதப்பட்டதாக அறிவித்துக்கொண்டால், புதிய போனிலும் பழைய முறைப்படி நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஆகப் புதிய வசதியைத் தவிர்ப்பதற்கு ஊக்கமே கொடுக்கப்பட்டிருந்தது. சோம்பலால் தவிர்த்தவர்களும் உண்டு, கெட்ட எண்ணத்தோடு தவிர்த்தவர்களும் உண்டு. 2018 ஆகஸ்ட் முதல், புதிய செயலிகள் அண்மைப் பதிப்புகளின் விதிகளுக்கே எழுதப்பட வேண்டும் என்று கூகுள் தன் பிளே அங்காடியில் கட்டாயமாக்கியது. அங்காடிக்கு வெளியே வந்த செயலிகளை அது தொடவில்லை. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14தான் 6.0க்கு முந்தைய விதிகளைக் குறித்திருக்கும் செயலிகளை நிறுவவே மறுத்தது. ஒரு வசதி வந்து அதைத் தவிர்க்கும் வழி அடைபடுவதற்கு எட்டு ஆண்டுகள்.

அங்காடிக்கு வெளியே என்பது பர்மாவில் ஓரத்து விஷயம் இல்லை. டேட்டா விலையும் வேகமும் தடையாக இருந்த காலத்தில், போன் கடைக்குப் போய், கடைப் பையனிடம் போனைக் கொடுத்து, அவனுடைய கணினியிலிருந்தோ ஸாப்யா என்னும் கோப்புப் பகிர்வுச் செயலி வழியாகவோ செயலிகளை ஏற்றி வாங்கிக்கொண்டு, பேஸ்புக் கணக்கையும் அவனையே திறந்து தரச்சொல்வது சாதாரணமாக இருந்தது. அந்தக் கோப்பு எந்த ஆண்டுப் பதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. நான் புதுப் பதிப்பு வெளியிட்டு மூன்று மாதம் கழித்தும் எங்கள் தெருவில் முதற்பதிப்பு கைமாறிக்கொண்டிருந்தது. நிரலாளர் தம் செயலியின் பதிப்புகளே சிதறிக் கிடப்பதைப் பார்த்த பிறகு, இயங்குதளத்தைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இனி இரண்டாவது வகை. பர்மாவில் சிம் அட்டை ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற காலம் உண்டு. 2013இல் டெலினார், ஊரிடூ என்னும் இரு வெளிநாட்டு நிறுவனங்கள் உரிமத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2014இல் அவை சேவையைத் தொடங்கியபோது 1,500 கியாட்டுக்குச் சிம் கிடைத்தது. மேசைக்கணினிக் காலத்தையும் பொத்தான் போன் காலத்தையும் பெரும்பாலும் தாண்டிக் குதித்து, ஒரு நாடே நேராகத் தொடுதிரைக்கு வந்தது. வந்த இடத்தில் காத்திருந்தது ஸாவ்ஜி.

ஸாவ்ஜியைச் செய்தவர்களை நான் பழிக்கமாட்டேன். பர்மிய எழுத்து 1999இல் யூனிகோடு 3.0இல் இடம்பெற்றுவிட்டது என்றாலும், அதன் குறியேற்ற முறை 2008இல் வந்த 5.1 பதிப்பில்தான் திருத்தமாக நிலைபெற்றது. இடையில் அன்றைய விண்டோஸ் கணினிகளுக்குக் கொம்பை இடம் மாற்றிக் காட்டவோ, மெய்யைச் சுற்றி வளையும் குறியை அகலத்துக்கேற்ப நீட்டவோ தெரியவில்லை. ஸாவ்ஜி அந்த வேலையை இயங்குதளத்திடம் கேட்காமல், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு குறியெண் கொடுத்துத் தானே தீர்த்துக்கொண்டது. நாமும் இதைத்தான் செய்தோம்: தமிழில் டிஸ்கி போன்ற குறியேற்றங்கள் கொம்பை முன்னால் வைத்தே சேமித்தன. வேறுபாடு ஒன்று உண்டு. டிஸ்கி யூனிகோடுக்கு வெளியே தனி இடத்தில் இருந்ததால், இது டிஸ்கி, இது யூனிகோடு என்று கணினிக்குப் பிரித்தறிய முடிந்தது. ஸாவ்ஜியோ யூனிகோடின் பர்மிய எழுத்துக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டது. போதாத இடத்துக்கு மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென ஒதுக்கிய எண்களிலும் போய் உட்கார்ந்தது. அந்த மொழிக்காரர்களுக்கு இதனால் நேர்ந்தது வெறும் எழுத்துப்பிழை இல்லை. ஸாவ்ஜி போனில் அவர்கள் மொழிக்கு இடமே இருக்கவில்லை.

2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 தன் இடைமுக மொழிகளில் பர்மியத்தைச் சேர்த்தது. (அதே பதிப்பில்தான் தமிழும் சேர்ந்தது. பர்மாத் தமிழருக்கு இரு தாய்மொழிகளும் ஒரே நாளில் கிடைத்தன என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ், பர்மிய எழுத்துருக்கள் சிலவற்றின் பெயர் இறுதியில் வரும் ‘எம்என்’ என்ற இரண்டு எழுத்தும் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனைக் குறிப்பவை.) ஆக வசதி வந்துவிட்டது. ஆனால் சாம்சங், ஹுவாவே போன்ற தயாரிப்பாளர்கள் பர்மியச் சந்தைக்கு அனுப்பிய போன்களில் ஸாவ்ஜியையே வைத்து அனுப்பினார்கள், ஏனெனில் வாங்குபவர் கடையிலேயே பேஸ்புக்கைத் திறந்து பார்ப்பார், அங்கே இருப்பதெல்லாம் ஸாவ்ஜி, எழுத்து உடைந்து தெரிந்தால் போன் கெட்டது என்று வைத்துவிட்டுப் போய்விடுவார். இயங்குதளம் புதியது, பதிப்பு எண் புதியது, உள்ளே எழுத்து மட்டும் பழையது. ‘இது எந்தப் பதிப்பு’ என்று நிரல் கேட்டால் போன் சரியான பதிலைத்தான் சொல்லும். அந்தப் பதிலால் எந்தப் பயனும் இருக்காது.

பர்மிய நிரலாளர்கள் இதற்குக் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது மிக எளியது. செயலி முதன்முறை திறக்கும்போது ஒரே சொல்லை இரண்டு முறையிலும் எழுதிக் காட்டி, ‘இவற்றுள் எது சரியாகத் தெரிகிறது’ என்று கேட்டுவிடுவார்கள். இயந்திரத்தை நம்பாமல் மனிதக் கண்ணைக் கேட்பது! இரண்டாவது வழி, எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே அடைத்துக் கொடுப்பது. மூன்றாவது, மாற்றிகள்: ராபிட் போன்ற திறந்த மூல மாற்றிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்தை மாற்றித் தந்தன. ஆனால் மாற்றுவதற்கு முன் இது எது என்று தெரிய வேண்டுமே? அதற்குக் கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் என்னும் நிரல் நூலகம் நிகழ்தகவைப் பயன்படுத்துகிறது. ஒரு சொற்றொடரைக் கொடுத்தால் அது ஸாவ்ஜியாக இருப்பதற்கான வாய்ப்பைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்லும். நீண்ட வாக்கியத்துக்கு நன்றாகவே சொல்லும். இரண்டசைப் பெயருக்கு ஊகிக்க அதிகம் கிடைக்காது, எங்கள் பட்டியல் முழுவதும் இரண்டசைப் பெயர்கள். கடைசியில் தொண்டர்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைப்படத் திருத்தினோம். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின, தேநீர்ச் செலவு என்னுடையது.

2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு அறிவித்தது. அதையொட்டிப் பேஸ்புக் இரு குறியேற்றங்களையும் தானே மாற்றிக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தது. என் கணிப்பில் மாற்றத்தைச் சாத்தியமாக்கியது அறிவிப்பைவிட இந்த ஏற்பாடுதான். எவர் போனும் மாறாமலே எல்லோருக்கும் எழுத்து படிக்கும்படியாகத் தெரிந்தது. அதன் பிறகு புதுப் போன் வாங்குபவருக்கு ஸாவ்ஜி கேட்க வேண்டிய காரணம் இல்லாமல் போயிற்று. யார் கையில் எந்தப் போன் என்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஓர் அடுக்கை நடுவில் வைத்தால்தான் புதிய வசதி ஓடத் தொடங்குகிறது.

கூகுளும் ஆண்ட்ராய்டு முழுவதற்கும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. தயாரிப்பாளர்களை விரைவாக மேம்படுத்தல் கொடுக்க வைப்பதற்கு அது செய்த முயற்சிகளில், 2017இன் டிரெபிள் திட்டம் வன்பொருள் நிரலையும் இயங்குதளத்தையும் பிரித்தது; 2019இன் மெயின்லைன் திட்டம் இயங்குதளத்தின் சில பகுதிகளைத் தயாரிப்பாளரைக் கேட்காமலே புதுப்பிக்க வழி செய்தது. இவற்றைவிடப் பலன் தந்தது, வசதிகளை இயங்குதளத்திலிருந்தே பிடுங்கி வெளியே வைத்ததுதான். உதாரணத்துக்கு, ஆண்ட்ராய்டு 13இல் வந்த புகைப்படத் தெரிவி: செயலிக்கு உங்கள் படங்கள் அனைத்தையும் திறந்துவிடாமல், நீங்கள் தொட்ட படத்தை மட்டும் கொடுப்பது. அது மெயின்லைன் வழியாக 11, 12 பதிப்புகளுக்கும், இயங்குதளத்துக்கு வெளியே கூகுள் தானே புதுப்பிக்கும் பிளே சேவைகள் வழியாக 4.4 வரைக்கும் பின்னோக்கிக் கொண்டுபோகப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆப்பிளின் இயங்குதளம் சிதறாதது என்று பெயர் பெற்றது. அங்கே தயாரிப்பாளர் ஒருவரே, மேம்படுத்தல் எல்லோருக்கும் ஒரே நாளில். அந்த நம்பிக்கையால் ஆப்பிள் தன் புதிய வசதிகளை இயங்குதளத்தோடு இறுகக் கட்டிவைத்தது. செயலிகளின் திரை இடைமுகத்தை எழுத 2019இல் அறிமுகமான சுவிப்ட்யுஐ என்னும் கருவித்தொகுப்பு ஐஓஎஸ் 13 முதல்தான் வேலை செய்யும். அதில் அதன்பின் ஆண்டுதோறும் சேர்ந்த உறுப்புகள் பலவும் அந்தந்த ஆண்டின் பதிப்பைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் அதற்கு இணையான ஜெட்பேக் கம்போஸ் 2021இல் 1.0ஆக வெளிவந்தபோது, ஏழாண்டுப் பழைய ஆண்ட்ராய்டு 5.0 போனிலும் ஓடியது, ஏனெனில் அது செயலிக்குள்ளேயே பொதிந்து வருகிறது. சிதறிக் கிடந்ததாலேயே ஆண்ட்ராய்டு நிரலாளருக்குப் புதியது சீக்கிரம் கிடைத்தது என்று சொன்னால் கேலிபோல் இருக்கும். ஆனால் இரண்டிலும் எழுதிப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பொதிந்து வருவதற்கு விலை உண்டு. ஒவ்வொரு செயலியும் தன் தளவாடத்தைத் தானே சுமந்து வருவதால் கோப்பு பெரிதாகும். 8 ஜிபி சேமிப்பிடம் உள்ள போனில் ஒன்றை வைக்க ஒன்றை அழிக்க வேண்டும். பிளே சேவைகளை நம்புவதற்கும் விலை உண்டு. 2019 மே மாதத்தில் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்ந்த பிறகு, ஹுவாவேயின் புதிய போன்கள் கூகுள் சேவைகள் இல்லாமல் வரத் தொடங்கின. ஹுவாவே நன்றாக விற்ற நாட்டில், சிதறலுக்கு மருந்தாக வந்த ஒன்றே புதிய சிதறலாயிற்று.

இயங்குதளத்துக்குள்ளேயே தங்கிவிடும் சிறுசிறு பொருள்கள்தான் கடைசிவரை தொல்லை தருபவை. இணையதளம் உண்மையானதுதானா என்று போன் சரிபார்க்க உதவும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அவற்றுள் ஒன்று. உலகின் எண்ணற்ற இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட், தன் சொந்த மூலச் சான்றிதழுக்கு (மற்றச் சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் அடிப்படைச் சான்றிதழ்) மாறப்போவதாக 2020இல் அறிவித்தபோது, 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த மூலமே தெரியாது என்ற நிலை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆண்ட்ராய்டு கருவிகள் அந்தப் பழைய பதிப்புகளில் இருந்தன. பழைய ஆண்ட்ராய்டு, மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்ற குறையையே பிடித்துக்கொண்டு, அந்தப் போன்கள் ஏற்கெனவே அறிந்த, காலாவதியாகப்போகும் பழைய மூலத்தின் கையொப்பத்தால் அவர்கள் மேலும் மூன்றாண்டுகள் ஓட்டினார்கள். குறையே கைகொடுத்த இடம்.

எழுத்துருக்கள் இன்னொன்று. ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் தம் கணக்கேடுகளில் எழுதிய முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் தமிழுக்கான கூடுதல் தொகுதியாகச் சேர்ந்தன. என் நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் ஏட்டைத் தட்டெழுத விரும்பினார். அவர் போனில் ஒவ்வொரு குறியும் வெற்றுக் கட்டமாகத்தான் தெரிந்தது. இயங்குதள மேம்படுத்தல் இல்லாமலே எழுத்துருவைப் புதுப்பிக்கும் வழி ஆண்ட்ராய்டு 12இல் வந்திருக்கிறது. அந்த வழியை முதலில் தேடிக்கொண்டவை எமோஜிகள்.

கூகுளும் சாம்சங்கும் இப்போது தம் உயர்விலைப் போன்களுக்கு ஏழாண்டு மேம்படுத்தல் தருவதாகச் சொல்கின்றன. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசையிலிருந்து அது தொடங்கியது. எங்கள் தெருவில் அந்தப் போன்கள் அரிது. 2021க்குப் பிறகு கியாட் மதிப்பு விழுந்து, இறக்குமதியும் இறுகி, போன் விலை ஏறியதால், தெயிஞ்சி சந்தையை ஒட்டிய சந்துகளில் புதுப் போன் விற்பவரைவிடத் திரையும் பேட்டரியும் மாற்றிக் கொடுப்பவர்களிடம்தான் கூட்டம். முன்பு மூன்று ஆண்டில் கைவிட்டிருக்கக்கூடிய போன் ஏழு ஆண்டு ஓடுகிறது, ஆனால் மேம்படுத்தல் இரண்டாம் ஆண்டோடு நின்ற போன் அது.

கோயில் செயலியின் கீழெல்லை இன்றும் ஆண்ட்ராய்டு 5.0தான். கம்போஸ் உட்படப் பல நூலகங்களின் புதிய வெளியீடுகள் அந்த எல்லையை விட்டு மேலே போய்விட்டதால், நான் பழைய வெளியீடுகளிலேயே நிற்கிறேன். எல்லையை உயர்த்தலாமா என்று சென்ற மாதம் பொருளாளரிடம் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து தம் போனை எடுத்துப் பார்த்தார். திரையில் குறுக்கே ஒரு கீறல், பின்மூடியை ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருந்தது. “இது இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் தம்பி” என்றார். ஸாவ்ஜியைக் கண்டறியும் நிரலையும் நான் இன்னும் நீக்கவில்லை. தை மாதம் அது ஒரு பெயரைப் பிடித்தது: டோ என்று தொடங்கும் பெயர், கொம்பு முன்னால்.